மருமகன் கொண்டுவந்த பெட்டி

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன், இம்முறை சொக்லேற்றுகளுக்கு நடுவே ஒரு சிறிய கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். வீதியில் நிற்கும் பொலிஸார் வேகம் அளக்கப் பாவிக்கும் ராடரை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் கருவி அது. "மாமா, இனி வவுனியா மட்டும் கவலையில்லாமல் மிதிக்கலாம்" என்றார். அவர் வசிக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதை வாகனத்தில் வைத்திருப்பதே குற்றம் என்பதைப் பிறகுதான் சொன்னார். அங்கே உதவாதது மாமனுக்காவது உதவட்டும் என்று நினைத்தாராக்கும்.

யாழ்ப்பாண நகருக்குள் நுழைந்ததும் பெட்டி அலறத் தொடங்கியது. சுற்றிப் பார்த்தால் ஒரு பொலிஸாரும் இல்லை. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுள்ள ஒரு கடையைக் கடந்துகொண்டிருந்தோம். அத்தகைய கதவுகளின் உணரிகள் பலவும், புதிய கார்களின் பக்கவாட்டு உணரிகள் சிலவும், பொலிஸ் ராடர்கள் பாவிக்கும் அதே 24 கிகாஹேர்ட்ஸ் அளவிலான அலைகளையே அனுப்புகின்றன. பத்துத் தடவை வீணாகக் கத்திய பெட்டியைப் பதினோராவது தடவை யார் பொருட்படுத்துவார்கள்?

பொலிஸார் வேகம் அளப்பது லேசர் கருவியால் என்றால் நிலைமை இன்னும் மோசம். ராடர் அலை பரந்து செல்வதால், முன்னால் போகும் வாகனத்தை அளக்கும்போதே பின்னால் வருபவரின் பெட்டி அதை உணர்ந்துவிடலாம். லேசர்க் கதிரோ 300 மீற்றர் தூரத்திலும் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்துக்கு மேல் விரியாமல், நேரே நம் இலக்கத்தகட்டில் விழுந்து, அரை விநாடிக்குள் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. அதன் பிறகு பெட்டி கத்துவது கள்வன் போன பின் நாய் குரைப்பது போலத்தான்.

நம்மிடம் இதைவிடத் திறமான, காசில்லாத ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: எதிரே வருபவர் லைற் அடித்துக் காட்டுவது. அந்த உதவியை நானும் பெற்றிருக்கிறேன், செய்துமிருக்கிறேன். ஒருநாள் பளையில் நான் லைற் அடித்துக் காப்பாற்றிய வான், பொலிஸாரைத் தாண்டிய கையோடு மீண்டும் சீறிப் பாய்ந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் நாம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். முழுத் தூரத்தையும் 70இல் ஓடினால் இரண்டு மணித்தியாலம். 90இல் ஓடினால் அரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். சாவகச்சேரி, கொடிகாமம், கிளிநொச்சி என்று 50க்கு இறங்கவேண்டிய இடங்களைக் கழித்தால் அதுவும் தேய்ந்துவிடும். அதே நேரத்தை முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறிப்பதில் யாரும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம்.

மாங்குளம் தாண்டி ஓர் இரவு வந்துகொண்டிருந்தபோது, பகல் வெயிலின் சூடு இன்னும் ஆறாத தாரில் நான்கு மாடுகள் அசைபோட்டபடி படுத்திருந்தன. கறுப்பு மாடு ஒன்றின் கண் மட்டும் வெளிச்சத்தில் மின்னியது. 70இல் வந்ததால் நிறுத்த முடிந்தது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் 30 மீற்றர், பிறகு காய்ந்த வீதியில் இன்னொரு 27 மீற்றர் வரை போகும். 90இல் என்றால் மொத்தம் 80 மீற்றரைத் தாண்டும், டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. மாடு ராடர் அலை அனுப்புவதில்லை. பின்விளக்கில்லாத உழவு இயந்திரமும் அப்படித்தான்.

பொலிஸார் மீது எனக்கும் குறை உண்டு. பாடசாலை விடும் நேரத்தில் பாடசாலை வாசலில் நிற்காமல், ஆளரவமற்ற நேர் வீதியில் மர நிழல் பார்த்து நிற்பது எந்த விபத்தைத் தடுக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. வேக எல்லைப் பலகையை மூடியிருக்கும் கிளைகளையாவது யாரேனும் வெட்டலாம். ஆனாலும் கடைத்தெருவின் முதற் கடை கண்ணில் பட்டதும் காலை எடுத்து, மீற்றரை ஒருமுறை பார்ப்பதற்குப் பலகை தேவையில்லை. இந்தப் பழக்கம் வந்த பின் தண்டக் காசு கட்டத் தபாலகத்துக்கு நான் போனதில்லை.

மருமகன் திரும்பிப் போகும்போது பெட்டியை எனக்கே விட்டுச் சென்றார். வாகனத்தில் அதன் செருகியைப் பொருத்தவேண்டிய துளையில் இப்போது என் தொலைபேசி சார்ஜ் ஆகிறது.