எழுபது கிராமும் ஐந்தாண்டுச் சிறையும்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2025 ஜூலை 1 முதல், வானிலையை மாற்றவென்று காற்றில் எதையாவது தூவினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் டாலர் வரை அபராதம். டென்னசி 2024-லேயே தடை போட்டுவிட்டது. ஜெட் விமானம் விட்டுப்போகும் வெள்ளைக் கோடு, செயற்கை மழை, வெயிலைக் குறைக்க வானில் கந்தகம் தூவும் யோசனை என மூன்றையும் பலர் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்படுகிறார்கள். சட்டமும் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

வெள்ளைக் கோடு என்பது எஞ்சின் புகையிலுள்ள நீராவி மைனஸ் 40 டிகிரிக் குளிரில் உறைவது, அவ்வளவுதான்.

செயற்கை மழைக்கான மேக விதைப்பு வேறு. சில்வர் அயோடைடை அசிட்டோனில் கரைத்து, மலைச்சரிவில் நிறுத்திய புரோபேன் அடுப்பில் எரிப்பார்கள். மணிக்கு இருபது கிராம் அளவில்தான் வெளியேறும். அல்லது விமான இறக்கையில் மத்தாப்பு போன்ற குழல்களைப் பொருத்திக் கொளுத்துவார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் நீர்த்துளியாகவே நிற்கும் மேகம் வேண்டும்; அந்தத் துளிகளைப் பனியாக்குவதுதான் சில்வர் அயோடைடின் வேலை. மைனஸ் 5-க்கு மேல் இருந்தால் இந்த உப்பு வேலை செய்யாது. பள்ளத்தாக்கில் குளிர்காற்று மூடிபோல் அமர்ந்துவிட்டால் அடுப்புப் புகை மேகத்தை எட்டவே எட்டாது. மேகத்தில் ஏற்கெனவே பனித்துகள் நிறைந்திருந்தால் தூவியது வீண். எல்லாம் கூடிவந்தால் எப்படி இருக்கும் என்பதை 2017 ஜனவரியில் ஐடஹோவில் ரேடாரே காட்டியது: விமானம் காற்றுக்குக் குறுக்கே போய்வந்த தடத்தில் வளைந்து வளைந்து பனிக்கோடுகள். ஆனால் மேகமே இல்லாத வானத்தில் இது எதையும் செய்யாது. மேகம் இருந்தும் ஈரம் போதாவிட்டாலும் பலனில்லை; 2025 அக்டோபரில் டெல்லியில் விதைத்துப் பார்த்தபோது நடந்தது அதுதான்.

டெக்சாஸ் வெள்ளத்துக்கு வருவோம். அதற்கு மேக விதைப்பே காரணம் என்று பலர் குற்றம் சாட்டினார்கள். 2025 ஜூலை 2 அன்று ரன்ஜ் என்ற ஊரருகே இரண்டு மேகங்களில் சுமார் 70 கிராம் சில்வர் அயோடைடு தூவினார்கள். ஜூலை 4 அன்று குவாடலூப்பே ஆறு பெருக்கெடுத்தது அங்கிருந்து நூறு மைலுக்கும் அப்பால், வடமேற்கே. இந்த எழுபது கிராம்தான் வெள்ளத்துக்குக் காரணம் என்று சொல்ல இயற்பியலில் இடமே இல்லை.

ஃபுளோரிடாவுக்குத் தடையால் நயா பைசா நஷ்டமில்லை. பனிமலையும் இல்லை, விதைப்புத் திட்டமும் இல்லை. அதனால்தான் அங்கே தடைக்கு ஆதரவாகக் கைதூக்குவது சுலபம். பனிமலையை நம்பிக் குடிக்கும் யூட்டாவோ 2023-ல் இதற்கென நிதியைப் பல மடங்கு கூட்டியது.

அதற்காக விதைப்பவர்களைக் கேள்வி கேட்காமல் விடவும் கூடாது. 1971-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் கேட்பதெல்லாம் அறிக்கை மட்டும். மீறினால் அதிகபட்சம் பத்தாயிரம் டாலர். அந்த அறிக்கைகள் பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன. கூடுதல் மழை 0 முதல் 20 சதவீதம் வரை என்று 2024 டிசம்பரில் அரசுத் தணிக்கை அமைப்பே எழுதியது. பூஜ்ஜியமும் அதில் அடக்கம் என்பதை விதைக்கும் கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்வதில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை கிராம் என்று அன்றன்றே பொதுவில் வைக்க அரசு சொல்லட்டும். வெள்ள எச்சரிக்கை வந்ததும் அடுப்பை அணைப்பதை உரிம நிபந்தனையாக்கட்டும். ஃபுளோரிடாவோ விமான நிலையங்களிடம், தூவும் கருவி பொருத்திய விமானம் வந்ததா என்று மாதாமாதம் கணக்குக் கேட்கிறது.