அந்தக் கறுப்பு என்ன என்று பெரியப்பா கேட்டார்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா போன வாரம் ஒரு காணொளி போட்டிருந்தார். கன்னங்கரேலென்ற இருட்டில் ஒரு நீலப் பலூன் பெருத்துக்கொண்டே போகிறது. அதுதான் விரியும் பிரபஞ்சமாம். கொஞ்ச நேரத்தில் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். "பலூன் புரியுதுடா. சுத்தி இருக்கற கறுப்பு என்ன?"

அவர் கேள்வியில் தப்பில்லை, தப்பு படத்தில்தான். அப்படி ஒரு படம் எடுக்கப் பிரபஞ்சத்தைத் தாண்டி ஒரு இடம் வேண்டும், அங்கே கேமராவை வைக்க வேண்டும். இந்த வகைக் காணொளிகள் மேல் எனக்குத் தீராத கோபம். இல்லாத இடத்தில் நம்மை நிற்கவைத்துவிட்டு, அந்த இடம் என்ன என்று நம்மையே கேட்கவும் வைக்கின்றன. விரிவதே வெளிதான், அதாவது இடம்தான். வெளிக்கு வெளியே என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே வாய் தடுக்குகிறது.

பெரியப்பா நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். எலாஸ்டிக்கை வைத்துச் சொன்னேன். அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்து, இரண்டு மடங்காக இழுங்கள். பக்கத்துப் புள்ளி ஓர் அங்குலம் விலகியிருக்கும், பத்தாவது புள்ளி அதே நேரத்தில் பத்து அங்குலம் விலகியிருக்கும். எந்தப் புள்ளியில் உட்கார்ந்து பார்த்தாலும் இதே கணக்குதான், நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. விண்மீன் திரள்களிடம் 1929இல் வானியலாளர் ஹபிள் கண்டது இதைத்தான். (பெல்ஜியத்துப் பாதிரியார் லெமைத்ர் இரண்டு வருடம் முன்பே எழுதிவிட்டார். அது தனிக்கதை.) அந்த எலாஸ்டிக் முடிவில்லாமல் நீண்டிருந்தால், இழுபடுவதற்குத் தனியாக இடம் எதுவும் வேண்டியதில்லை.

"முடிவில்லாத எலாஸ்டிக் எந்தக் கடையில விக்குது?" என்றார். கொஞ்சம் யோசித்து அவரே, "பாவாடை இடுப்புல ரெண்டு முனையையும் சேத்துத் தச்சிடுவோம், அப்புறம் அதுக்கு முனை ஏது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிய பிரபஞ்சம் என்று அண்டவியலில் சொல்வது இதைத்தான். அளவு உண்டு, விளிம்பு கிடையாது. இதைத் தேடியும் பார்த்திருக்கிறார்கள். பிரபஞ்சம் பிறந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகளில் கிளம்பிய பழைய ஒளி இன்று நுண்ணலையாக வானமெங்கும் இருக்கிறது. பிரபஞ்சம் சின்னதாக, சேர்த்துத் தைத்ததாக இருந்தால், அந்த ஒளியின் ஒரே கோலம் வானத்தில் இரண்டு இடங்களில் ஜோடி வட்டங்களாகத் தெரிய வேண்டும். அந்த ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவிலும் தேடினார்கள், ஜோடி கிடைக்கவில்லை. தையல் இருந்தாலும் நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

எட்டும் தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அந்தப் பழைய ஒளியை அனுப்பிய பொருள் இடையில் விலகி விலகி, இன்று ஏறக்குறைய 4500 கோடி ஒளியாண்டுகள் தள்ளி இருக்கிறது. அதற்கும் அப்பால் இங்கிருப்பது போலவே திரள்கள்தான் இருக்கும் என்பது என் கட்சி. அடிவானத்தோடு கடல் முடிந்துவிட்டது என்று எந்த மீனவரும் வலையைச் சுருட்டுவதில்லை.

நம்முடையது போலப் பல பிரபஞ்சங்கள் தனித்தனிக் குமிழிகளாக இருக்கலாம் என்பதெல்லாம் சுவையான பேச்சு. ஆனால் குமிழிகள் மோதிய தழும்பைத் தேடியவர்களுக்கு உறுதியாக எதுவும் சிக்கவில்லை. என் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் தெரியவந்தது. அதன்படி, இன்று சுமார் 1700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் திரள் இப்போது அனுப்பும் ஒளி, இடையிலுள்ள வெளி விரிந்துகொண்டே போவதால், எத்தனை யுகம் காத்திருந்தாலும் நம்மிடம் வந்து சேராது. அதன் பழைய முகம் தொலைநோக்கியில் தெரிகிறது, இன்றைய முகம் என்றைக்குமே தெரியப்போவதில்லை. வெளியே என்ற சொல்லுக்கு உண்மையில் பொருந்துகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே யாராவது இருந்தால் அவர்களும் நம்மைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

இதையெல்லாம் அரை மணி நேரம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, அந்தக் கறுப்பு?"

"வீடியோ செஞ்சவங்க போட்ட பேக்ரவுண்டு, பெரியப்பா."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று போனை வைத்துவிட்டார்.