மானியச் செய்தி சரி, 131 450 யாருக்குத் தெரியும்?
ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்குக் கிடைக்கும் உதவிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். மானியம், விழா நிதி, வேலைப் பயிற்சி என்று அடுக்கிக்கொண்டே போகிறது, நல்லதுதான். ஆனால் மானியமும் விழா நிதியும் பெரும்பாலும் சங்கங்களுக்குத்தான். புதிதாக வந்து இறங்கியவருக்கு முதலில் தேவை 131 450 என்ற தொலைபேசி எண், அரசின் மொழிபெயர்ப்புச் சேவை அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து நீங்கள் பேச வேண்டிய அலுவலகத்தோடு இணைத்துவிடுவார்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள நோயாளிக்காகத் தனியார் டாக்டரே இந்தச் சேவையைக் கட்டணமில்லாமல் கூப்பிடலாம். ஆனால் சில கிளினிக்குகளில் பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்து அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறார்கள், என்ன கொடுமை இது!

அப்புறம் ஏ.எம்.இ.பி., அதாவது குடியேறிய பெரியவர்களுக்கான அரசின் இலவச ஆங்கில வகுப்பு. முன்பு இருந்த 510 மணி நேர வரம்பை 2021இல் எடுத்துவிட்டார்கள். வகுப்பு நேரத்தில் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு, கைக்குழந்தையோடு வீட்டில் முடங்கியிருக்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? தற்காலிக விசாவில் இருப்பவர்கள் மட்டும் தகுதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா விசாவுக்கும் கிடையாது. மானியம் வாங்கும் சங்கத்தார் இதையெல்லாம் தமிழில் அச்சடித்துக் கோயிலிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒட்டினால் என்ன?