நனைந்த நெல்லில் உங்களுக்கு என்னய்யா சிரிப்பு?

அந்த ஸ்டாண்ட்-அப் காமெடியன் வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். நெல்லுக் குவியலைக் கட்டிக்கொண்டு தூங்கும் "டெல்டாக்காரன்" ஜோக்கையும், அதற்கு விழுந்த கைதட்டலையும்.

அந்தக் காமெடியனை ஆரம்பத்திலிருந்து பார்க்கிறவன் நான். ஹாஸ்டல் சாப்பாடு, மாமியார், ஆட்டோ மீட்டர் என்று பேசிக்கொண்டிருந்தார். போணியாகவில்லை. இப்போது "சமூக விமர்சனம்" என்று ஊர் ஊராக வம்புக்கு இழுத்ததும் வியூஸ் எகிறுகிறது. பிழைப்பு, நடத்திக்கொள்ளட்டும். அதற்குத் துணிச்சல் என்று மட்டும் பேர் வைக்காதீர்கள். திருப்பிக் கேட்க முடியாதவனைச் சீண்டுவது துணிச்சல் இல்லை.

அறுப்பு மழையில் மாட்டினால் நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காயவைக்கக் களம் இல்லாதவன் ரோட்டில்தான் கொட்டுவான். மன்னார்குடி பக்கம் எங்கள் சித்தப்பா ஒரு தை மாதம் அப்படித்தான் கொட்டி, தார்ப்பாய் போர்த்தி, பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். காலையில் பாயைத் தூக்கினால் குப்பென்று ஆவி. கைவிட்டு அள்ளினால் வெள்ளை வெள்ளையாக முளை. ஒரு வார்த்தை பேசாமல் வெயில் ஏறும்வரை காலால் கிளறிக்கொண்டே இருந்தார். அவர்தான் அந்த ஜோக்கில் வரும் ஆள்.

"விவசாயி என்றால் விமர்சிக்கவே கூடாதா?" என்று வருவீர்கள். தாராளமாக விமர்சியுங்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர், மிராசுதார்களின் ஆட்கள் வைத்த தீயில் எரிந்து செத்ததும் இதே டெல்டாவில்தான். அந்த மிராசுத் திமிர் இன்னும் எங்கெல்லாம் மிச்சமிருக்கிறது என்று மேடையில் கிழிக்கட்டும், முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன். அதைத் தொட மாட்டார். தொட்டால் வில்லங்கம். அந்தக் காலத்தில் வில்லங்கமானதை மேடையில் தொட்டவர் நடிகர் எம்.ஆர்.ராதா. அவர் நாடகங்களை அடக்கத்தான் 1954இல் நாடகச் சட்டமே கொண்டுவந்தார்கள். அது துணிச்சல்.

"காமெடியைக் காமெடியாப் பாருங்க ப்ரோ" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. உங்கள் அப்பா ரோட்டில் படுத்ததில்லை, அவ்வளவுதான்.

அவர்களை விடுங்கள். சித்தப்பா மகனே அதை ஷேர் செய்து சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறான். சென்னையில் வேலை, ஏசி ரூம். அவன் காலேஜ் ஃபீஸ் எந்த நெல்லை விற்றுக் கட்டியது என்று அவனுக்குத் தெரியாதா? நேற்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பி, இதைப் படிப்பாய். உங்கப்பா இப்போது பேஸ்புக் பார்க்கிறார். அவர் கண்ணில் படுவதற்குள் அதை எடுத்துவிடு.