சின்னம்மாவுக்குக் கட்டில் வேண்டாம்

அந்தக் காணொளியை இந்நேரம் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் இணைப்புக் கொடுக்கப் போவதில்லை. அதை எடுத்த தமிழ்நாட்டுத் தம்பிக்குப் பார்வையாளர் கணக்கை ஏற்றித் தரும் வேலை எனக்கு வேண்டாம். "பர்மாவில் கட்டில்கூட இல்லாமல் வாழும் தமிழ்த்தாய்" என்று தலைப்பு. அந்தத் தாய் என் சின்னம்மா. பெகு பக்கத்தில் இருக்கும் அந்த வீட்டில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன.

வந்த தம்பியைத் திண்ணையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, சோறு போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போயிருக்கிறார். யாரும் அழைக்கவில்லை. மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பாயைக் காட்டி, "அம்மா, உங்களுக்குக் கட்டில் இல்லையா?" என்கிறார். சின்னம்மா சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் வயலின் சேர்த்து, சிரித்த மனுஷியை அழுகிறவராக ஆக்கிவிட்டார்கள். கீழே அன்பர்கள் கட்டில் நிதி திரட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். கட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து ஒரு வீட்டை எடை போடாதீர்கள். இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அவர் எதன் மேல் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று பாருங்கள். கீழ்ப் பர்மாவில் மழை ஆறு மாதம். வீட்டைக் கால்கள் மேல் தூக்கிக் கட்டுவார்கள். வெள்ளமும் பாம்பும் பூரானும் கீழே போய்க்கொள்ளும். பலகை இடுக்கு வழியாகக் காற்று மேலே வரும். தமிழ்நாட்டில் கட்டில் செய்கிற வேலையை இங்கே வீட்டுத் தளமே செய்துவிடுகிறது. சொல்லப்போனால் அந்த வீடே பெரிய கட்டில்தான். சிமெண்டுத் தரையில் வளர்ந்தவருக்குத் தரை என்றால் சில்லிப்பு, ஈரம், ஏழ்மை என்று தோன்றுவதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே. இன்னொன்றும் சொல்லியிருப்போம்: தேக்கு விளையும் நாட்டில் இவர்களுக்கு ஒரு தேக்குக் கட்டில் இல்லையே என்று அவர் உருகியபோது, அவர் காலடியில் இருந்த பலகை தேக்கு.

இதே தம்பி சில மாதங்களுக்கு முன் காரைக்குடிப் பக்கம் விடுதியாக மாறிய ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே பர்மா தேக்குக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இதுதான் நம் பாரம்பரியம்" என்றார். நன்றாக இருந்தது. அந்தத் தேக்கு எப்படி வந்தது என்றும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பிறகு வெட்டி, யானைகளை வைத்து ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்துக்காகக் காத்திருந்து ஆற்றில் விடுவார்கள். அந்த மரத்தின் பெயரைச் சொல்லியே ஒரு நாடு போயிருக்கிறது. கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் மரங்களைக் கடத்தியதாகப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் என்ற ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பர்மாவின் கடைசி மன்னர் திபோவின் அவை 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் 1885இல் தலைநகர் மாந்தலேயைப் பிடித்து, மன்னரை ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். படுக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

"நகரத்தாரைத் தாக்குகிறீர்களா?" என்று யாராவது கிளம்புவார்கள் என்று தெரியும். இல்லை. அவர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறேன். 1929-30இல் நடந்த வங்கி விசாரணை, பர்மாவில் நகரத்தாரான செட்டியார்களின் வட்டிக்கடைகள் சுமார் 1,650 இருந்ததாகக் கணக்கிட்டது. ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள், அதாவது பல கடைகள் சேர்ந்து இயங்கிய கட்டடங்கள், இருந்தன. அங்கே கடையை நடத்திய மேலாட்களும் அவர்களுக்கு உதவிய அடுத்தாட்களும் பகலில் ஒரு சாய்ப்பெட்டியின் (சாய்வு மூடி வைத்த கணக்குப் பெட்டி) முன் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். இரவில் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தார்கள். லட்சக்கணக்கில் வரவு செலவு செய்தவர்கள். அவர்களைப் பார்த்து யாராவது வயலின் வாசித்தார்களா? ஊரில் அவர்கள் எழுப்பிய வீடுகளிலும் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை உண்டு. ஆனால் பெட்டியும் பாத்திரமும்தான் அதை அடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலோர் படுத்தது வளவு என்ற உள்முற்றப் பகுதியில், அதைச் சுற்றிய பத்தியில், பாயில். கட்டில் இருந்தது. அதில் எல்லோரும் எல்லா நாளும் படுக்கவில்லை. இந்த வேறுபாடு விடுதிக்காரர் தரும் விளம்பரத் தாளில் இருக்காது.

எனக்கும் கட்டிலின் பெருமை தெரியும். மார்கழியில் எங்கள் கோயிலிலும் "கோட்டுக்கால் கட்டில்மேல்" என்று பாடத்தான் செய்கிறோம். யானைத் தந்தத்தால் கால் வைத்த கட்டில் அது; படுத்திருப்பவன் கண்ணன். சங்கப் பாட்டில் இன்னும் பெரிய கட்டில் ஒன்று உண்டு. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவிக்கு நக்கீரர் போட்ட கட்டில். நாற்பது வயது நிறைந்த, போரில் விழுந்த யானையின் தந்தத்தில் செய்தது. அவ்வளவு விலையுள்ள படுக்கையில் அந்த அம்மாள் தூங்கவில்லை. கணவன் பாசறையில் இருக்கிறான், இவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கிடக்கிறாள். முரசுக்கும் கட்டில் உண்டு. களைப்பில் அதில் ஏறிப் படுத்துவிட்ட புலவர் மோசிகீரனாரை வெட்டிப் போட்டிருக்க வேண்டிய சேரன், கவரி எடுத்து வீசினான். நம் முன்னோர் கட்டில் என்று ஒன்றைச் சொன்னால் அதில் அதிகாரம் இருந்தது, சடங்கு இருந்தது. முதுகு வலிக்காமல் தூங்குவதற்கான சாமான் என்பதெல்லாம் பிறகு வந்த நினைப்பு.

பாய்க்கும் அதே அளவு மரியாதை இருந்தது. தீமிதிக்குக் காப்புக் கட்டியவர் கட்டிலில் படுப்பாரா? உயிர் போகும் நேரத்தில் பெரியவர்களைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குவது எதற்கு? எங்கள் பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி, பௌத்தர்களின் மழைக்கால நோன்பு தொடங்கும் வாசோ மாதம் வந்துவிட்டால், உபோசதம் என்ற நோன்பு நாட்களில் எட்டுச் சீலம், அதாவது எட்டு விரதக் கட்டுப்பாடுகள், எடுப்பார். அந்த எட்டில் கடைசி, உயர்ந்த படுக்கையிலும் ஆடம்பரப் படுக்கையிலும் படுக்காதிருப்பது. அன்று அவர் கட்டிலை விட்டுத் தரைக்கு வருவார். அந்தத் தெருவிலேயே வசதியான வீடு அவருடையது. நம் தம்பி அந்த நாள் பார்த்து அங்கே நுழைந்திருந்தால் தலைப்பை எப்படி வைத்திருப்பாரோ!

"அவர் நல்ல மனதோடுதான் செய்தார்" என்கிறார்கள். இருக்கட்டும். நல்ல மனதோடு செருப்புக் காலால் உள்ளே வந்தாலும் தளம் அழுக்காகத்தான் செய்யும்.

"வயதானவர், மூட்டு வலி இருக்கும், கட்டில் நல்லதுதானே?" என்று ஒரு மருத்துவ நண்பர் எழுதியிருக்கிறார். அதைச் சின்னம்மா தன் வைத்தியரிடம் பேசிக்கொள்வார். அடுத்து.

"உங்களுக்குத் தமிழ்நாட்டின் மேல் பொறாமை." இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என்ன பொறாமை? பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கட்டிலும் மெத்தையும் பீரோவும் வண்டியில் ஏற்றி, ஊர் பார்க்கத் தெருவில் ஊர்வலம் விடுகிறீர்களே, அதன் மேலா? அங்கே கட்டில் எங்கே என்று கேட்டால், பெண் எவ்வளவு கொண்டுவந்தாள் என்று கேட்பதாக அர்த்தம். சுற்றிலும் பர்மியர்கள் நடுவே வாழ்கிறோம். அவர்களிடம் பெண் வீட்டார் வரதட்சிணை கொடுக்கும் வழக்கமே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஆட்களும் கொஞ்சம் திருந்தியிருக்கிறோம். எல்லோரும் என்று சொல்லமாட்டேன். சின்னம்மா கல்யாணமாகி வந்தபோது ஒரு பாயும் ஒரு கொசுவலையும் ஒரு டிரங்குப் பெட்டியும் வந்தன. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பல் கப்பலாக நம் ஆட்கள் கிளம்பினார்களே, அப்போது பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் விட்டுப்போனது. கொஞ்சம் பணம், கொஞ்சம் நகை தவிர எதையும் கொண்டுபோக வழியில்லாத காலம். நாலு மூலையிலும் கொசுவலைக் கம்பம் வைத்த தேக்குக் கட்டில். அப்பா பணம் கொடுத்துத்தான் வாங்கினார். எவ்வளவு என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அதில் ஒருநாளும் படுக்கவில்லை. ஊரை விட்டு அழுதுகொண்டே போனவள் படுத்த இடத்தில் எனக்குத் தூக்கம் வராது என்பார். துவைத்த துணிகளும் எங்கள் பாடப் புத்தகங்களும்தான் அதில் கிடந்தன. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றியும் தரவில்லை. அப்பாவின் சேமிப்பு முழுதும் 75 சாட் நோட்டு. அந்த மாதமே கட்டில் விலைக்குப் போனது. வாங்கியவர் காலைப் பிரித்து, சட்டத்தைப் பிரித்து, கைவண்டியில் அடுக்கினார். அம்மா வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை.

"அப்படியானால் வறுமைதானே?" என்று தாவிவராதீர்கள். வறுமைதான். ஒரே அறிவிப்பில் ஒரு மனிதனின் உழைப்பைக் காகிதமாக்கினார்களே, அது வறுமை. அதைப் படம் பிடியுங்கள், வயலின் போடுங்கள், நானும் சேர்ந்து அழுகிறேன். அன்று இரவு நாங்கள் விரித்த பாய் முந்தைய இரவும் விரித்த பாய்தான். அதை ஏன் இழுக்கிறீர்கள்?

எனக்கு உறுத்துவது கட்டில்கூட இல்லை போலிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் எங்களைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து, "பாவம்" என்கிறார்கள். தமிழ் பேசினால் ஆச்சரியம், பேசத் திணறினால் பரிதாபம். லுங்கியைப் பர்மியக் கட்டாகக் கட்டினால் வருத்தம், வேட்டி கட்டினால் கண்ணீர். நாங்கள் இங்கே பள்ளிக்கூடம் நடத்துகிறோம், திருவிழா நடத்துகிறோம், நெல் விதைக்கிறோம், சண்டை போடுகிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். தொலைந்துபோனவர்களாக எங்களைத் தேடி வருகிறீர்கள். நாங்கள் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம். எங்களுக்குத் தேவை நிறைய உண்டு. தமிழ்ப் பாடப் புத்தகம் கேட்டு எத்தனையோ பேருக்கு எழுதினோம், அந்தக் கடிதங்களுக்கு யாரும் நிதி திரட்டவில்லை. புத்தகத்துக்குக் காணொளியில் அழுகை வராது.

நேற்றுச் சின்னம்மாவிடம் போனில் பேசினேன். கட்டில் வரப்போகிறதாமே என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்களாம். "அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதேடி, மனம் நோகும். நெல் மூட்டையை அதன் மேல் அடுக்கிவிடலாம்" என்றார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுப் படி ஒருவர் ஏறும் அகலம்தான், கைப்பிடியும் ஆடுகிறது. கட்டிலை மேலே ஏற்ற முடியாது. நிதி திரட்டும் அன்பர்கள் படியின் அளவு கேட்டு எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.