384 பேர்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பழைய அலுவலக நண்பர் ஒருவர் அழைத்தார். பதினெட்டு வருடம் ஏற்றுமதி நிறுவனங்களில் இருந்தவர், இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பொது மேலாளர். "நானும் டாக்டர் பட்டத்துக்குச் சேரலாம் என்றிருக்கிறேன் அண்ணா. டிபிஏவா, பகுதிநேரப் பிஎச்டியா என்றுதான் குழப்பம். அது இருக்கட்டும், இந்தக் கோர்ஸ்வொர்க்கைச் சீக்கிரம் தள்ளிவிட ஏதாவது வழி இருக்கிறதா?"

போனில் சிரித்து மழுப்பிவிட்டேன். இதே கேள்வியை உள்பெட்டியிலும் நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். கோர்ஸ்வொர்க் என்பது ஆய்வேட்டுக்கு முன்னால் படித்துத் தேற வேண்டிய பாடங்கள். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிபிஏ என்னும் வணிக நிர்வாக டாக்டர் பட்டம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது மட்டமான பட்டம் என்று நினைக்கிறவன் அல்லன் நான். ஹார்வர்டு வணிகப் பள்ளியே பல பத்தாண்டுகள் டிபிஏதான் கொடுத்தது. 2018இல்தான் பிஎச்டிக்கு மாறியது. நிர்வாகத்தில் இருக்கிறவன் தன் வேலையிடத்துச் சிக்கலைக் கொண்டுவந்து ஆராய்ச்சி ஒழுங்கோடு அலசட்டும் என்பதுதான் இன்றைய டிபிஏவின் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் நம் கைப்பேசிக்கு வரும் விளம்பரம் வேறு: வீட்டிலிருந்தே படிக்கலாம், வேலையை விட வேண்டாம், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையக் கல்வி நிறுவனங்கள் நடத்தும் ஆன்லைன் பிஎச்டிகள் செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே சேர்ந்து எச்சரித்தன. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்டி நடத்தக் கூடாது என்று அடுத்த மாதம் வந்த யுஜிசி விதிகளும் சொல்கின்றன. 'இது பிஎச்டி அல்ல சார், டிபிஏ' என்று ஒரு விற்பனைப் பெண் எனக்கே விளக்கினார். பணம் கட்டும் முன், இந்தப் பட்டம் இங்கே எதற்குச் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது பகுதிநேரப் பிஎச்டி, மேலாண்மைத் துறை. அதற்கு வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்குக்காக இவரைப் பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் எழுத வேண்டும். எங்கள் முதலாளி அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். "ஷிப்மென்ட் சமயத்தில் இதைக் காட்டி லீவு கேட்க மாட்டீர்களே?" மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது.

விதிப்படி கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். தேற 55 சதவீதம் வேண்டும். ஆராய்ச்சி முறையியல், 2019இல் யுஜிசி கட்டாயமாக்கிய ஆராய்ச்சி மற்றும் பதிப்பு அறம், துறை சார்ந்த தாள்கள். எங்களுக்கு வகுப்பு சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். சம்பளக் கவர் போடும் வேலையை உதவியாளர் தலையில் கட்டிவிட்டு, இருபத்திரண்டு வருட அனுபவசாலி ஒருவன் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், இவர்கள் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற நினைப்பில்தான் போனேன். அதை மறைப்பானேன்.

மூன்றாவது வாரம் பேராசிரியை, உங்கள் வேலையிடத்தின் பெரிய பிரச்சினையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள் என்றார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் எழுதினேன்: 'தொழிலாளர்கள் நிலைப்பதில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுகிறார்கள்.' தாள் திரும்பி வந்தபோது இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டிருந்தார்.

கோபம் வந்தது. எப்படித் தெரியும் என்றால்? ஊருக்கே தெரியும். டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. போனவன் ஒருவனிடமாவது ஏன் போகிறாய் என்று நான் கேட்டதே இல்லை. எனக்குச் சொன்னவர் சூப்பர்வைசர். அவருக்குச் சொன்னவர் லைனில் மிச்சமிருந்தவர்.

திங்கட்கிழமை டைம் ஆபீசில் மூன்று வருட வருகைப் பதிவேடுகளை எடுத்து வைக்கச் சொன்னேன். தினமும் ஷிப்ட் முடிந்த பிறகு ஒரு மணி நேரம். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பெயருக்கும் எந்தத் தேதியோடு வருகைக் குறி நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன். விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது சனிக்கிழமையைத் தாண்டவில்லை. கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவி ஆளாகச் சேர்ந்து பத்து நாள் ஆகாதவனுக்குப் பக்கத்துக் கம்பெனி ரேட்டா தெரியும்? வேறு ஏதோ நடக்கிறது. பதிவேட்டின் ஓரத்தில் டைம் ஆபீஸ் கிளார்க் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தார்: யார் கூட்டி வந்தது என்று. ஒடிசாவோ பீகாரோ தேனியோ, சொந்தக்காரரோ ஊர்க்காரரோ கூட்டி வந்தவர்கள் அடுத்த தீபாவளி போனஸ் வரை நிற்கிறார்கள். ஏஜென்ட் வண்டியில் மொத்தமாக வந்து இறங்கியவர்கள்தான் சத்தமில்லாமல் கரைகிறார்கள்.

துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ப் பேராசிரியையிடம் சொன்னேன். அந்த அம்மா அசையவில்லை. "ஊர்க்காரர் கூட்டி வந்தவரை நல்ல லைனில், நல்ல சூப்பர்வைசரிடம் போடுகிறீர்களோ என்னவோ? அப்படியானால் காரணம் ஊர்க்காரரா, லைனா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷம் வேலைக்குச் சேர்ந்த காலத்துக்குப் பிறகு வந்ததில்லை. கோர்ஸ்வொர்க் என்பது இதுதான் தம்பி. இதைத்தான் சீக்கிரம் தள்ளிவிட வழி கேட்கிறாய்.

அதன் பிறகு ஆய்வேடு. இங்கேதான் வயிற்றெரிச்சல்.

டாக்டோரல் கமிட்டி முன்னால் பதிவேட்டுக் கதையைச் சொன்னேன். நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கம்பெனியின் பதிவேடு போதாது, கேள்வித்தாள் வேண்டும், எது எதைப் பாதிக்கிறது என்று காட்டும் மாடல் வேண்டும் என்றார்கள். வெளியே வரும்போது என் தலைப்பு 'திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களின் பணித் திருப்தி' என்று ஆகியிருந்தது. மாதிரி அளவு, அதாவது கேள்வி கேட்க வேண்டிய ஆட்கள், 384.

இந்த 384 எங்கிருந்து வருகிறது? கிரெஜ்ஸி, மார்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து. ஆய்வுக்குரிய மொத்த ஆட்கள் லட்சத்தைத் தாண்டினால், 95 சதவீத நம்பிக்கையில், ஐந்து சதவீதப் பிழைக்குள் அடங்க 384 பேர் போதும் என்கிறது அது. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 384 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? தெரிந்த நான்கு கம்பெனிகளில் தெரிந்த மேலாளர்களிடம் கட்டுக் கட்டாகத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறோம். முறையியல் அத்தியாயத்தில் ஒரு பக்கத்தில் வசதி மாதிரி (கைக்குக் கிடைத்தவர்களை எடுப்பது) என்று ஒப்புக்கொள்கிறோம், அடுத்த பக்கத்திலேயே 384க்கு அட்டவணையைச் சாட்சிக்கு இழுக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதே என்று கேட்கக் கோர்ஸ்வொர்க்கில்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வேட்டில் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஒரு கம்பெனியில் நானே உட்கார்ந்து தாளை நிரப்பினேன். ஓவர்லாக் மெஷினில் இருந்த அக்கா ஒருவர், ஐம்பது வயதிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வைத்திருந்தார். நான் வாசித்தேன்: "என் மேலதிகாரி என் கருத்துகளுக்கு மதிப்பளிக்கிறார். முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்கிறேன், நடுநிலை..." மூன்றாவது கேள்வியிலேயே கை அமர்த்தினார். "எல்லாவற்றுக்கும் நல்லது என்றே போட்டுக்கொள்ளுங்கள் சார். சோறு ஆறுகிறது." இரண்டு மெஷின் தள்ளி சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது கேள்விகளுக்கும் நல்லது என்றே போட்டேன்.

அந்தத் தாளும் 384இல் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், இப்படி ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போடுகிறவர்கள் கூடக் கூட கிரான்பாக் ஆல்பா ஏறும். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது. ஒருவர் எல்லாவற்றுக்கும் ஐந்து, இன்னொருவர் எல்லாவற்றுக்கும் மூன்று என்று போட்டால் கேள்விகள் ஒன்றோடொன்று அற்புதமாக ஒத்துப்போவதாகத்தான் கணக்குக்குத் தெரியும். 0.7 இருந்தால் போதும் என்பார்கள், எனக்கு 0.93 வந்தது. நெறியாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த அக்காவின் டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வந்தது.

நெறியாளரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் இதே வழியில் வந்தவர். அம்புக்குறிகள் போட்ட மாடல் படம் இருந்தால் வெளித்தேர்வர் கேள்வி கேட்க மாட்டார் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். எனக்கு இருபது ரூபாய், அவருக்கு அம்புக்குறி. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருபது வருடம் தொழிலில் ஊறியவர்கள் சாயப்பட்டறை, ஷிப்மென்ட், வங்கிக் கடன் என்று பட்டறிந்த விஷயங்களோடு வருகிறார்கள். மூன்று வருடம் கழித்து எல்லோரும் ஒரே ஆய்வேட்டோடு வெளியே போகிறார்கள், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. திருத்தச் சொன்னால் எதைத் திருத்துகிறார்கள் தெரியுமா? பிறர் எழுத்தோடு ஒற்றுமை அளவு பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை வார்த்தைகளை.

கேள்வித்தாளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், சோறு ஆறாத நேரத்தில், கேட்கத் தெரிந்தவர் கேட்டால் அந்த அக்காவிடம் சொல்ல நிறைய இருந்திருக்கும். அதற்கு நாள் பிடிக்கும். விதிப்படி நமக்கு ஆறு வருடம் இருக்கிறது; அவசரம் நம்முடையதுதான்.

பதிவேட்டை ஒரு தனி அத்தியாயமாகவாவது சேர்த்துக்கொள்கிறேன் என்று மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் கமிட்டி. பேராசிரியை கேட்ட கேள்விக்காக யாரை எந்த லைனில் போட்டோம் என்ற விவரத்தையும் தேடி எடுத்தேன். இரண்டு வருடத்துக்குத்தான் கிடைத்தது. மூன்றாவது வருட நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.

நண்பருக்கு இதையெல்லாம் சுருக்கமாகக் குரல் பதிவில் அனுப்பியிருந்தேன். நேற்று பதில் வந்தது: "அருமை அண்ணா. உங்கள் கேள்வித்தாளின் வேர்டு பைல் இருந்தால் அனுப்பி வையுங்கள். ஊர்ப் பெயரை நான் மாற்றிக்கொள்கிறேன்."