எல்லாத் தளத்திலும் கடை விரிக்க வேண்டியதில்லை

தொழில் தொடங்குகிறவர்கள் விலைப்பட்டியலைக்கூட முடிவு செய்யாமல் இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்துவிடுகிறார்கள். அப்புறம் முகநூல், யூடியூப், லிங்க்ட்இன், எக்ஸ் (பழைய ட்விட்டர்), த்ரெட்ஸ் என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் அதே லோகோ, அதே அறிமுக வரி, அதே போஸ்டர். கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் எதிலும் ஆள் இல்லை. கடைசியாகப் போட்டது ஏதோ ஒரு காலை வணக்கப் படமாக இருக்கும்.

"எல்லா இடத்திலும் இருந்தால்தான் பிசினஸ் வளரும்" என்று யாரோ சொல்லிக் கொடுத்ததன் விளைவு இது. சொன்னது ஏஜென்சிக்காரராக இருந்தால் கேட்கவே வேண்டாம், தளத்துக்கு இவ்வளவு என்று பில் போட அவருக்கு வசதி. தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ தொழில் செய்கிறவருக்கு ஒரு தளம் போதும், மிஞ்சிப் போனால் இரண்டு என்பது என் கருத்து.

சரி, எந்தத் தளம்? இதைக் கேட்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே "எதில் கூட்டம் அதிகம்?" என்பார்கள். முகநூலை மாதம் 300 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்துகிறார்கள், யூடியூபை 200 கோடிக்கும் மேல். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது, எல்லாப் பெரிய தளத்திலும்தான் கூட்டம் இருக்கிறது. நான் பார்ப்பது வேறு. உங்கள் பொருள் தேவைப்படும் அந்த நேரத்தில் வாடிக்கையாளர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? தேடுகிறாரா, சும்மா விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறாரா, தெரிந்தவரிடம் விசாரிக்கிறாரா?

ஏசி பழுது பார்க்கிறவரை எடுத்துக்கொள்வோம். யாரும் ரீல்ஸ் பார்த்து மயங்கி ஏசி மெக்கானிக்கை அழைப்பதில்லை. இரவு பத்து மணிக்குச் சுவரில் தண்ணீர் வழியும்போது கூகுளில் தட்டுவார்கள், இல்லாவிட்டால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் "நல்ல ஆள் யாராவது தெரியுமா?" என்று கேட்பார்கள். அவர் முதலில் சரிசெய்ய வேண்டியது, கூகுளில் தேடும்போது கடையின் விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை. முன்பு கூகுள் மை பிசினஸ் என்றிருந்ததற்குத்தான் 2021 இறுதியில் இந்தப் பெயர் வந்தது. இலவசம். சரியான எண், வேலை நேரம், நாலு நிஜப் படம், வாடிக்கையாளர் எழுதிய ரிவ்யூ. இதைச் சமூக ஊடகம் என்று யாரும் சொல்வதில்லை, அதனாலேயே பலர் தொடுவதில்லை.

அதற்கு மேலும் செய்ய ஆசை என்றால் அவருக்கு யூடியூப். அங்கேயும் மக்கள் தேடித்தான் வருகிறார்கள். 2006இலிருந்து அது கூகுளின் கையில் இருக்கிறது, கூகுள் தேடலிலேயே அதன் வீடியோக்கள் வந்து நிற்கும். ஆனால் தலைப்பு "எங்கள் சேவையின் சிறப்புகள்" என்றிருந்தால் தேடலில் சிக்காது. அப்படி யார் தேடுவார்கள்? "ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா? முதலில் இதைப் பாருங்கள்" என்று வாடிக்கையாளர் புலம்பும் வார்த்தையிலேயே தலைப்பு வைத்து, வடிகுழாய் அடைத்திருப்பதைக் கிட்டத்தில் காட்டினால் அந்த வீடியோ வருடக்கணக்கில் ஆள் கொண்டுவரும். இன்ஸ்டாகிராம் பதிவுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது.

கைவேலை நகை, உடை, வீட்டு அலங்காரம் எல்லாம் நேர் எதிர். வாங்கும் எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருப்பவர் பார்த்ததும் ஆசைப்படும் பொருள்கள். இதற்கு இன்ஸ்டாகிராம்தான். ஆனால் ஸ்டுடியோ படத்தை மட்டும் போட்டுவிட்டு ஆர்டர் வரவில்லை என்றால் எப்படி? காதணியை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டுங்கள். பின்பக்கத்து திருகு எப்படி இருக்கிறது, போட்டால் காது மடலைத் தாண்டி எவ்வளவு தொங்கும் என்பதுதான் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் அந்த விலை விவகாரம். கீழே ஒருவர் "விலை?" என்று கேட்பார். பதில், "இன்பாக்ஸ் பார்க்கவும்". இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கேட்டவர் ஒருவர்தான், ஆனால் அதே சந்தேகத்தோடு கேட்காமல் கடந்து போனவர்கள் எத்தனை பேர்! போட்டியாளருக்கு விலை தெரிந்துவிடுமாம். அவர் போலிக் கணக்கில் வந்து எப்போதோ கேட்டுக்கொண்டு போய்விட்டார், ஐயா. இன்னொன்று, இன்ஸ்டாகிராம் பதிவுக்குக் கீழே எழுதும் லிங்க்கை அழுத்தித் திறக்க முடியாது. தெரியாமல் ஒவ்வொரு பதிவிலும் நீளமாக ஒட்டுகிறார்கள். கணக்கின் முகப்பில் இருக்கும் பயோவில்தான் வைக்க வேண்டும், 2023 முதல் ஐந்து வரை வைக்கலாம்.

நிறுவனங்களுக்கு விற்கிறவர்களுக்கு, வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன். அங்கே கம்பெனிப் பக்கத்தைவிட, தொழிலை நடத்துகிற மனிதர் தன் பெயரில் எழுதுவதைத்தான் படிக்கிறார்கள். எக்ஸ் பெரும்பாலான சிறு தொழில்களுக்குத் தேவையில்லை, வேறு யாரும் எடுத்துவிடாமல் பெயரை மட்டும் பதிவு செய்து வையுங்கள். வீட்டு உள்ளலங்காரம், உடை வடிவமைப்பு மாதிரி ஆட்கள் மட்டும், பிடித்த படங்களைச் சேர்த்து வைக்கும் தளமான பின்டரெஸ்ட்டை ஒரு கை பார்க்கலாம்.

"முகநூல் செத்துப்போச்சு, பெரியவர்கள்தான் இருக்கிறார்கள்" என்பார்கள். வீட்டில் முடிவெடுப்பதும் பணம் கொடுப்பதும் அந்தப் பெரியவர்கள்தானே! செத்தது முகநூல் இல்லை, தொழில் பக்கங்களின் ரீச், அதாவது பதிவு எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த பக்கங்களின் ரீச் அதோடு இன்னும் படுத்தது. இன்று காசு கொடுக்காத பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு மாதிரிதான், இருக்கட்டும். உயிரோடு இருப்பது குழுக்கள். உங்கள் துறை சம்பந்தமான குழுவில் விளம்பரம் போடாமல், கேட்கிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாலே பெயர் நிற்கும்.

காசு கொடுப்பதென்றாலும், பதிவை விளம்பரமாகப் பலருக்குக் காட்டும் அந்த 'பூஸ்ட்' பட்டனைப் பார்த்ததும் அழுத்திவிடாதீர்கள். நோக்கத்தை நீங்கள் சொல்லாவிட்டால், கண்டதற்கெல்லாம் லைக் போடுகிற கைகளாகப் பார்த்துக் கூட்டி வரும். மெசேஜ் வர வேண்டுமா, அழைப்பு வர வேண்டுமா, எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுத்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

எந்தத் தளத்தில் பார்த்தாலும் பேரம் முடிவது பல தொழில்களில் வாட்ஸ்அப்பில்தான். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல், தயார் பதில்கள், வாடிக்கையாளருக்கு லேபிள் எல்லாம் இருக்கின்றன. சொந்த எண்ணிலேயே எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரே செய்தியை ஒரே தடவையில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். இது தெரியாமல் "எல்லாருக்கும் அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடவில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். முதல் ஆர்டரின்போதே "எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

இவ்வளவும் வாடிக்கையாளர் பக்கம். உங்கள் பக்கமும் இருக்கிறது. கேமரா முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆளை ரீல்ஸ் எடுக்கச் சொல்வது கொடுமை. நன்றாக எழுத வருகிறதா, முகநூலிலோ லிங்க்ட்இனிலோ எழுதுங்கள். எழுத வராது, ஆனால் வேலை செய்துகொண்டே பேச முடியும் என்றால் போனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். எதை அலுக்காமல் ஒரு வருடம் செய்வீர்களோ அதற்கேற்ற தளம்தான் உங்களுக்கு. ட்ரெண்டிங் பாட்டுக்கு முதலாளி ஆடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரே தளத்தை நம்பினால் அது மூடிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். கேள்வி நியாயம்தான். வைன் என்ற குறுவீடியோத் தளம் 2017இல் மூடியது, கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019இல் மூடியது, டிக்டாக் 2020இல் இந்தியாவில் திடீரென்று தடைபட்டது. ஆனால் அதற்குப் பதில் ஆறு தளங்கள் இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஆறு மணி நேரம்போல் முடங்கின. மூன்று இடத்தில் இருக்கிறோம் என்று நினைத்தவர்கள் உண்மையில் ஒரே கம்பெனியில்தான் இருந்தார்கள். வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் உங்கள் நோட்டிலோ எக்செல்லிலோ தனியாக இருக்கட்டும், அதை எந்தத் தளமும் பிடுங்க முடியாது.

அந்த நோட்டிலேயே இன்னொரு பத்தியும் போடுங்கள்: "எங்களை எங்கே பார்த்தீர்கள்?" வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். லைக் கணக்கில் பாதி சொந்தக்காரர்களும் அதே தொழில்காரர்களும்தான், நோட்டின் இந்தப் பத்தியில் இருப்பவர்கள் காசு கொடுத்தவர்கள். மூன்று மாதம் எழுதினாலே எந்தத் தளத்தை விடலாம் என்று தெரிந்துவிடும். பாதிக்கு மேல் "தெரிந்தவர் சொன்னார்" என்று வந்தால், அடுத்த ரீல்ஸுக்கு என்ன யோசனை என்று மண்டையைக் குடையாமல், வேலை முடிந்த கையோடு கூகுள் ரிவ்யூ லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இரண்டு வரி எழுதுங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் பலர் எழுதுகிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.